தானாக மடக்க ஒன்றரை விநாடி, விளக்கைப் பார்த்து மடக்க 0.2 விநாடி: இதில் எது தயாரிப்பு?

வினா | மார்ச் 4, இரவு 9.12

"உனக்குத் தோன்றும்போது விரலை மடக்கு" என்று ஒருவரை உட்காரவைத்து மூளை மின்னலைகளைப் பதிவு செய்தால், விரல் அசைவதற்கு 1 முதல் 1.5 விநாடிக்கு முன்பே உச்சந்தலையில் மின்னழுத்தம் மெல்ல எதிர்மறையாகச் சரியத் தொடங்குகிறது. கோர்ன்ஹூபரும் டீக்கேயும் 1965-ல் வெளியிட்ட கண்டுபிடிப்பு இது. அதே ஆளிடம் "விளக்கு எரிந்ததும் மடக்கு" என்றால் 0.2 விநாடியில் மடக்கிவிடுகிறார்.

தயாராக ஒன்றரை விநாடி வேண்டுமென்றால் 0.2-ல் எப்படி முடிகிறது? 0.2 போதுமென்றால் அந்த ஒன்றரை விநாடி எதற்கு? பாடநூல்கள் இரண்டையும் வெவ்வேறு அத்தியாயங்களில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகின்றன. மாணவர்கள் கேட்டால் சொல்வதற்குப் பதில் வேண்டும்.

நான் நினைப்பது இது: தயாரிப்பு என்பது அசைவுக்கான அதே கட்டளைதான், மிகத் தணிந்த அளவில் ஓடிக்கொண்டிருக்கும். ஓர் எல்லையைத் தாண்டினால் அசைவாகிறது. இது சரியா?

மின்முனை | மார்ச் 4, இரவு 10.05

முதலில் அந்த 0.2-ஐப் பிரித்துப் பாருங்கள். எல்லாம் மில்லி விநாடிக் கணக்கு. ஒளி விழித்திரையில் பட்டு, பின்தலையில் உள்ள பார்வைப் புறணிக்குச் சேர 50–60. அசைவுக் கட்டளையை அனுப்பும் மூளை மேற்பரப்புப் பகுதியான இயக்கப் புறணியிலிருந்து கிளம்பிய கட்டளை கைத்தசைக்கு வர ஏறத்தாழ 20. இதைத் தலைமேல் காந்தத் துடிப்பு கொடுத்து நேரடியாக அளக்கலாம். காலுக்கு 30-ஐ ஒட்டி வரும். தசையில் மின்செயல் தொடங்கிய பின் விரல் கண்ணுக்குத் தெரிய நகர இன்னும் 30–50. கூட்டினால் 100 முதல் 130 வரை வெறும் பயண நேரம்.

மிஞ்சுவது 70 முதல் 100. பார்த்ததை உணர்வது, அசைவை ஆயத்தமாக்குவது, கிளப்புவது எல்லாம் இதற்குள் முடிகின்றன. ஆயத்தத்துக்கு ஒன்றரை விநாடி தேவை என்ற எண்ணத்தை இதோடு விட்டுவிடலாம்.

எண்கோலம் | மார்ச் 4, இரவு 10.31

மேலே உள்ள கணக்கு சரி, அதிலிருந்து எடுத்த முடிவு சரியில்லை. "விளக்கு எரிந்ததும் இந்த விரலை மடக்கு" என்பதில் எந்த விரல், எந்தப் பக்கம் என்பது முன்கூட்டியே தெரியும். விளக்கு எரியும்போது ஆயத்தம் ஏற்கெனவே முடிந்து காத்திருக்கிறது. ஆகவே மிஞ்சிய 70–100-ஐ ஆயத்த நேரம் என்று எடுக்க முடியாது.

ஆயத்தத்தை அளக்க, எது இலக்கு என்பதையே கடைசி நேரத்தில்தான் காட்ட வேண்டும். டோண்டர்ஸ் 1868-லேயே இப்படிக் கழித்துப் பார்த்தார்: ஒரே வழி உள்ள வேலையின் நேரம், பல வழிகளில் ஒன்றைத் தேர்ந்து செய்யும் வேலையின் நேரம், இரண்டுக்கும் வித்தியாசம். ஆனால் அந்த வித்தியாசத்தில் தேர்வும் ஆயத்தமும் கலந்தே இருக்கும். இரண்டையும் பிரிக்க வேறு முறை தேவை. அதை நாளை எழுதுகிறேன்.

மின்முனை | மார்ச் 4, இரவு 10.40

ஒப்புக்கொள்கிறேன். எளிய எதிர்வினைக்கு அந்தக் கழித்தல் பொருந்தாது.

எண்கோலம் | மார்ச் 5, காலை 7.20

கட்டாய நேர முறை. கெஸ் குழு பயன்படுத்தியது, பிறகு பலர் எடுத்துக்கொண்டது. 500 மில்லி விநாடி இடைவெளியில் நான்கு ஒலிகள். நான்காவது ஒலியோடு சரியாக அசைவைத் தொடங்க வேண்டும், இலக்கு தெரிந்தாலும் தெரியாவிட்டாலும். இலக்கு எப்போது காட்டப்படும் என்பதை மட்டும் ஒவ்வொரு முறையும் மாற்றுகிறோம்: சில முறை நான்காவது ஒலிக்கு 400 முன், சில முறை 150 முன், சில முறை 50 முன். எப்போது கிளம்புவது என்ற முடிவு ஆளின் கையில் இல்லை. மீதமிருப்பது, கிடைத்த நேரத்தில் எவ்வளவு ஆயத்தமானார் என்பது ஒன்றுதான்.

கிடைத்த நேரம் கீழ் அச்சில், திசை சரியாக வந்த விகிதம் மேல் அச்சில். கண்ணுக்குத் தெரியும் இலக்கை நோக்கிக் கை நீட்டும் வேலையில், 100-க்குக் கீழே வெறும் ஊகம். 200-ஐ நெருங்கும்போது ஏறத்தாழ எல்லாமே சரி. இடையில் செங்குத்தான ஏற்றம்.

2016-ல் ஹெய்த், பக்பூர், க்ரகாவர் மூவரும் இந்த முறையால் அளந்ததை, அதே ஆட்களின் வழக்கமான எதிர்வினை நேரத்தோடு ஒப்பிட்டார்கள். அசைவு ஆயத்தமான பிறகும் ஏறத்தாழ 80 மில்லி விநாடி தாமதித்துத்தான் மனிதர்கள் கிளம்புகிறார்கள் என்று தெரிந்தது. ஆயத்தம் முடிந்ததும் அசைவு தானாகப் பாய்வதில்லை. ஆயத்தமும் கிளப்புதலும் வேறு வேறு வேலைகள். வினா கேட்ட கேள்விக்கு முக்கால்வாசிப் பதில் இந்த ஒரு வரியில் இருக்கிறது.

வினா | மார்ச் 5, காலை 8.02

அப்படியானால் "தணிந்த அளவில் ஓடும் அதே கட்டளை" என்பது? ஆயத்தம் முடிந்து 80 மில்லி விநாடி எல்லைக்குக் கீழே நிற்கிறது என்று சொன்னாலும் இதே அளவீடு வருமே.

எண்கோலம் | மார்ச் 5, இரவு 9.48

நியாயமான கேள்வி. நெடுங்காலம் துறையிலேயே பலர் அப்படித்தான் நினைத்தார்கள். தஞ்சியும் எவார்ட்ஸும் 1976-ல் குரங்குகளுக்கு வண்ண விளக்கால் "தள்ளு" அல்லது "இழு" என்று முன்னறிவிப்புக் கொடுத்து, பிறகு கிளப்பும் சைகைக்குக் காத்திருக்க வைத்தார்கள். கை அசையாமல் இருக்கும் அந்தக் காத்திருப்பிலேயே இயக்கப் புறணியின் நரம்பணுக்கள் தள்ளலுக்கு ஒரு மாதிரியும் இழுத்தலுக்கு வேறு மாதிரியும் துடித்தன. இதைப் பார்த்தால் உங்கள் ஊகம்தான் இயல்பாகத் தோன்றும்.

அது நிற்காமல் போனதற்கு மூன்று காரணங்கள்.

காத்திருப்பில் ஓர் அணு "வலப்பக்க அசைவு" என்றால் அதிகம் துடிக்கிறது என்று வையுங்கள். அசைவு நடக்கும்போதும் அது வலப்பக்கத்துக்கே அதிகம் துடிக்க வேண்டும், இன்னும் பலமாக. அப்படி இல்லை. அசைவின்போது அதே அணு இடப்பக்கத்துக்கோ மேலேயோ அதிகம் துடிக்கலாம். அணு அணுவாகப் பார்த்தால் இரண்டு கட்டங்களின் விருப்பத் திசைகளுக்கும் உறவு மிகக் குறைவு. சர்ச்லாண்டும் ஷெனாயும் 2010-ல் இதை விரிவாகக் காட்டினார்கள்.

இரண்டாவது, இரண்டு அணுக்கள் ஒரு தசையை இயக்குகின்றன, தசைக்குப் போவது இரண்டின் கூட்டல் என்று வைத்து ஒரு கணக்குப் போடுங்கள். ஓய்வில் முதல் அணு 30, இரண்டாவது 20, மொத்தம் 50. ஆயத்தத்தில் முதல் அணு 40-க்கு ஏறுகிறது, இரண்டாவது 10-க்கு இறங்குகிறது. மொத்தம் அதே 50. மூளைக்குள் நிலை வெகுவாக மாறிவிட்டது, தசைக்கு ஒன்றும் தெரியவில்லை. மொத்தம் ஏறினால் மட்டுமே தசை அசையும். ஆயிரக்கணக்கான அணுக்கள் இருக்கும் இடத்தில் இப்படித் தசைக்குத் தெரியாத திசைகள் ஏராளம். காஃப்மன் குழு 2014-ல் குரங்குப் பதிவுகளில் காட்டியது இதைத்தான்: ஆயத்தச் செயல்பாடு பெரும்பாலும் தசைக்கு எட்டாத திசைகளுக்குள் நடக்கிறது. எல்லை எதுவும் தேவையில்லை, தடுப்பணை எதுவும் தேவையில்லை.

மூன்றாவது காரணத்தை மின்முனை எழுதுவது நல்லது. காந்தத் துடிப்பு அளவீடுகள் அவர் களம்.

மின்முனை | மார்ச் 6, மாலை 6.30

எழுதுகிறேன். கைத்தசைக்கு மேல் தோலில் மின்முனை ஒட்டி, எதிர்ப்பக்க இயக்கப் புறணிக்கு மேல் காந்தத் துடிப்பு கொடுத்தால் தசையில் ஒரு சிறு துள்ளல் பதிவாகும். அதன் உயரம், அந்த நேரத்தில் புறணியிலிருந்து தசைவரை உள்ள பாதை எவ்வளவு எளிதில் தூண்டப்படும் என்பதைக் காட்டும். ஓய்வில் துள்ளல் வரத் தேவையான குறைந்தபட்ச வலிமையைவிடச் சற்று அதிகமாக, 110–120 சதவீத வலிமையில், துள்ளல் 1 மில்லிவோல்ட்டை ஒட்டி இருக்கும்படி அமைப்பது வழக்கம்.

தயாரிப்பு என்பது தணிந்த அளவில் ஓடும் கட்டளை என்றால், காத்திருப்பில் இந்தத் துள்ளல் பெரிதாக வேண்டும். ஆனால் சிறிதாகிறது. ஹாஸ்ப்ரூக் குழு 1997-ல் பதிவு செய்தது, பிறகு பல ஆய்வகங்களில் மீண்டும் மீண்டும் வந்தது. பயன்படுத்தப்போகும் கையிலேயே தூண்டல் தணிகிறது, பயன்படுத்தாத கையிலும் தணிகிறது. கிளம்பும் சைகைக்குப் பிறகுதான் சரியான தசையில் ஏறத் தொடங்குகிறது.

இதை அளக்கும்போது கெடுவது பெரும்பாலும் ஓரிடத்தில்: ஆள் தன்னை அறியாமல் தசையை லேசாக இறுக்கிக்கொண்டிருப்பார். அந்த இறுக்கமே துள்ளலைப் பெரிதாக்கும். துடிப்புக்கு முந்தைய 100 மில்லி விநாடியில் தசை அமைதியாக இருந்ததா என்று ஒவ்வொரு முறையும் பார்த்து, இல்லாதவற்றை நீக்க வேண்டும். இதைச் செய்யாமல் "தூண்டல் ஏறுகிறது" என்று சொன்னால் நம்ப முடியாது.

வினா | மார்ச் 6, இரவு 8.15

புரிந்தது. ஊகத்தைக் கைவிடுகிறேன். இருந்தாலும் ஒன்றரை விநாடிச் சரிவு இன்னும் அப்படியே நிற்கிறது. 0.2 விநாடிக்குள் முடியும் ஆயத்தத்துக்கு அது என்ன செய்துகொண்டிருக்கிறது?

மின்முனை | மார்ச் 7, இரவு 9.55

அதை எப்படி எடுக்கிறார்கள் என்று தெரிந்தால் பாதி விளங்கும். கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

ஒரு முறை விரலை மடக்கினால் இந்தச் சரிவு தெரியவே தெரியாது. சரிவு பெரும்பாலும் 5–10 மைக்ரோவோல்ட்தான். பின்னணி அலைகளோ அதைவிடப் பெரியவை. அதனால் பல முறை மடக்கச் சொல்லி, தசை மின்செயல் தொடங்கிய கணத்தைப் பூச்சியமாக வைத்து, ஒவ்வொரு பதிவையும் அங்கிருந்து பின்னோக்கி அடுக்கிச் சராசரி எடுக்கிறோம். இரைச்சல் 20 மைக்ரோவோல்ட் என்றால் 100 முறைச் சராசரியில் அது 2 ஆகும், எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் குறையும். கோர்ன்ஹூபரும் டீக்கேயும் காந்த நாடாவில் பதிந்து, நாடாவைப் பின்னோக்கி ஓட்டித்தான் இந்தச் சராசரியை எடுத்தார்கள்.

நடைமுறையில்: மின்முனைகள் குறைந்தபட்சம் உச்சந்தலை நடுவில் ஒன்று, அதன் இடமும் வலமும் இயக்கப் புறணிக்கு மேல் ஒவ்வொன்று. தோலில் தடை 5 கிலோ ஓமுக்குக் கீழ். கண்ணுக்கு மேலும் கீழும் தனி மின்முனை, இமைத்தலைப் பிடிக்க. மடக்கலுக்கு மடக்கல் 5 விநாடிக்கு மேல் இடைவெளி. கழித்தவை போக 50-க்கு மேல் நல்ல பதிவுகள், 100 இருந்தால் நிம்மதி.

எங்கே கெடும் என்றால், முதலில் வடிகட்டியில். பலர் பழக்கத்தில் 1 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிடுவார்கள். இந்தச் சரிவே அதற்குக் கீழேதான் வாழ்கிறது, முழுக்கப் போய்விடும். 0.05 ஹெர்ட்ஸ் அல்லது அதற்கும் கீழ் வரை திறந்து வைக்க வேண்டும். அப்படித் திறந்தால் வியர்வையால் வரும் மெதுவான நகர்வும் உள்ளே வந்துவிடும், அறை குளிர்ச்சியாக இருக்க வேண்டும். அடுத்து, ஆள் மனதுக்குள் "ஒன்று, இரண்டு, மூன்று" என்று எண்ணத் தொடங்கிவிடுவார். அப்போது சரிவு நீண்டு அழகாக வரும், ஆனால் அது தானாகத் தோன்றிய அசைவு இல்லை. மூச்சோடு ஒத்து மடக்குவதும் நடக்கும். கடைசியாக, தசை தொடங்கிய கணத்தை இயந்திரத்தை மட்டும் நம்பிக் குறித்தால் 50 மில்லி விநாடிவரை தள்ளிப்போகும், சராசரியின் கூர்மை மங்கிவிடும்.

நன்றாக எடுத்தால் இரண்டு பகுதிகள் தெரியும். முதலில் மெதுவான, இருபக்கமும் பரவிய சரிவு, உச்சந்தலை நடுவில் அதிகம். பிறகு கடைசி 400–500 மில்லி விநாடியில் செங்குத்தாகி, அசையும் கைக்கு எதிர்ப்பக்கம் சாயும். இந்த இரண்டாவது பகுதிதான் "எந்தக் கை" என்பதைக் காட்டத் தொடங்குகிறது.

எண்கோலம் | மார்ச் 8, காலை 6.50

மின்முனை சொன்ன "பின்னோக்கி அடுக்கி" என்பதில்தான் சிக்கல் ஒளிந்திருக்கிறது.

ஒரு கணக்குத்தாளில் செய்து பார்க்கலாம். ஓர் எண்ணைப் பூச்சியத்தில் தொடங்குங்கள். ஒவ்வொரு படியிலும் சிறிய நிலையான தள்ளுதலைக் கூட்டுங்கள், இருப்பதில் ஒரு சிறு பங்கைக் கசியவிடுங்கள், கூடவே சீரற்ற எண் ஒன்றைச் சேருங்கள். தள்ளுதலும் கசிவும் மட்டும் இருந்தால் எல்லையை எட்டாமல் கொஞ்சம் கீழேயே நின்றுவிடும்படி அளவுகளை வையுங்கள். சீரற்ற ஏற்ற இறக்கம் தற்செயலாக உயரும்போது மட்டும் எல்லை தொடும். தொட்ட கணத்தைப் பூச்சியமாக்கி, பல ஓட்டங்களைப் பின்னோக்கி அடுக்கிச் சராசரி எடுங்கள். வழுவழுப்பான சரிவு ஒன்று கிடைக்கும், தொடும் இடத்துக்கு வெகு முன்பே தொடங்கியதுபோல. எந்த ஓட்டத்திலும் அந்த நேரத்தில் ஒரு தீர்மானமும் நடக்கவில்லை. எல்லையைத் தொட்டவற்றை மட்டும் பொறுக்கி, தொட்ட இடத்தில் கோத்ததால் வந்த வடிவம் அது.

ஷுர்கர், சிட், தெஹேன் மூவரும் 2012-ல் முன்வைத்த விளக்கம் இது. அவர்கள் ஒரு சோதனையும் சேர்த்தார்கள்: தானாக மடக்கும் வேலையின் நடுவே, எதிர்பாராத நேரத்தில் ஒரு சொடுக்கு ஒலி, கேட்டதும் மடக்க வேண்டும். விரைவாக மடக்கிய முறைகளில், ஒலிக்கு முன்பே மின்னழுத்தம் கொஞ்சம் சரிந்திருந்தது. தற்செயலாக எல்லைக்கு அருகில் இருந்த நேரத்தில் ஒலி வந்தால் விரைவு என்ற கணிப்போடு ஒத்தது.

அதனால் ஒன்றரை விநாடியின் பெரும்பகுதி "என்ன செய்வது" என்ற தயாரிப்பு இல்லை. "எப்போது" என்பதற்குக் காரணமே கொடுக்காத ஒரு வேலையில், அந்த "எப்போது" முடிவாகும் முன் இருக்கும் தத்தளிப்பு. விளக்கு எரிந்தால் "எப்போது" வெளியிலிருந்து வந்துவிடுகிறது, தத்தளிப்புக்கு இடமில்லை.

வினா | மார்ச் 8, காலை 7.31

மூளை ஆய்வாளர் லிபெட்டின் சோதனை? "நீ தீர்மானிக்கும் முன்பே மூளை தீர்மானித்துவிட்டது" என்று அதை வைத்துத்தானே எல்லா இடத்திலும் சொல்கிறார்கள்.

எண்கோலம் | மார்ச் 8, காலை 7.58

1983. சுற்றும் ஒளிப்புள்ளி, ஒரு சுற்றுக்கு 2.56 விநாடி, மடக்கத் தோன்றிய கணத்தில் புள்ளி எங்கே இருந்தது என்று ஆள் சொல்ல வேண்டும். சரிவு தொடங்கியது அசைவுக்கு 550 முன், தோன்றியது 200 முன். இடையே 350. சரிவின் தொடக்கத்தைத் தீர்மானமாக எடுத்தால்தான் அந்த முடிவு வரும். அது சராசரியின் வடிவம் மட்டும் என்றால் அந்த 350-க்குப் பொருளே மாறிவிடுகிறது.

மின்முனை | மார்ச் 8, இரவு 9.20

சரிவு முழுவதுமே சராசரியின் விளைவு என்று நான் ஏற்கவில்லை, அதைப் பதிவு செய்துவிடுகிறேன். கடைசி 400–500-ல் எதிர்ப்பக்கம் சாயும் பகுதி தத்தளிப்பால் வருவதில்லை, அங்கே குறிப்பிட்ட கையின் ஆயத்தம் நடக்கிறது. இயக்கப் புறணிக்கு முன்னால் உள்ள துணை இயக்கப் பகுதியின் அணுக்களை நேரடியாகப் பதிவு செய்த இடங்களிலும் அசைவுக்கு வெகு முன்பே மாற்றம் தெரிகிறது. "மெதுவான முதல் பகுதி" என்பதோடு ஷுர்கர் விளக்கத்தை நிறுத்திக்கொண்டால் எனக்கு மறுப்பில்லை.

இன்னொன்று. சரிவு தொடங்கிய பிறகும் நிறுத்த முடிகிறது. 2016-ல் பெர்லினில் ஷுல்ட்ஸே-கிராஃப்ட் குழு, சரிவைக் கணினி உடனுக்குடன் கண்டுபிடித்து நிறுத்தச் சொல்லும் விளக்கைப் போடும்படி செய்தது. அசைவுக்கு ஏறத்தாழ 200 மில்லி விநாடி முன்புவரை ஆட்கள் நிறுத்திவிட்டார்கள். முடிவான தீர்மானம் என்றால் இது நடக்கக்கூடாது.

நடைபயிற்சி | மார்ச் 9, மாலை 5.10

இதுவரை எல்லாம் விரலும் கையும். நிற்பவர் கையைத் தூக்கினால் என்ன நடக்கிறது என்பதையும் சேர்க்க வேண்டும். பெலென்கி, குர்ஃபின்கெல், பால்ட்செவ் 1967-ல் காட்டியது: நின்றபடி கையை விரைவாக முன்னே தூக்கும்போது, தோள் தசைக்கு முன்பே தொடையின் பின்தசை வேலை செய்யத் தொடங்குகிறது. கை முன்னே போனால் உடல் முன்னே சாயும் என்பதைச் சாய்வதற்கு முன்பே ஈடுகட்டிவிடுகிறது. திட்டத்தில் கை மட்டும் இல்லை, கையால் உடலுக்கு வரப்போகும் கலக்கமும் இருக்கிறது.

கருவி இல்லாமல் பார்க்க ஒரு வழி. சுவரைப் பார்த்து, மூக்கும் கால்விரல் நுனிகளும் சுவரைத் தொட நில்லுங்கள். இப்போது நுனிக்காலில் எழும்ப முயலுங்கள். முடியாது. கெண்டைத் தசைக்கு வலிமை இல்லாமல் இல்லை. எழும்பும் முன் உடல் எடை சற்று முன்னே நகர வேண்டும், சுவர் அதைத் தடுக்கிறது. அடுத்து, பக்கவாட்டில் ஒரு தோளும் அந்தப் பக்கத்துப் பாதமும் சுவரை ஒட்ட நின்று, வெளிப்பக்கக் காலைத் தூக்கிப் பாருங்கள். அதே கதைதான். வயதானவர்களும் தடுமாற்றம் உள்ளவர்களும் ஆள் துணையின்றிச் செய்ய வேண்டாம்.

நடக்கத் தொடங்கும் முன்னும் இதுவே. பாதத்தின் அடியில் அழுத்த மையம் முதலில் பின்னாகவும் தூக்கப்போகும் காலின் பக்கமாகவும் போகும். அதனால் உடல் முன்னேயும் நிற்கும் காலின் மேலும் விழத் தொடங்கும். அப்புறம்தான் பாதம் எழும்.

நடைபயிற்சி | மார்ச் 9, மாலை 5.42

விட்டுப்போனது: ஒரு கையின் உள்ளங்கையில் கனமான புத்தகம். நீங்களே மற்றக் கையால் எடுத்தால் உள்ளங்கை அசையாது. வேறொருவர் எடுத்தால் மேலே துள்ளும். எப்போது எடுப்பார் என்று எண்ணிச் சொன்னாலும் பெரிதாக உதவாது. தன் கைக்கு அனுப்பும் கட்டளையிலிருந்துதான் அந்த முன்னீடு, அதாவது முன்கூட்டியே ஈடுகட்டுவது, பிறக்கிறது.

வினா | மார்ச் 9, இரவு 8.40

சுவர்ச் சோதனையை வகுப்பில் செய்யலாம், நன்றி. ஓட்டப் பந்தயத்தில் "செட்" நிலையில் இருப்பவர்கள் இந்த ஆயத்தத்தின் உச்சத்தில் இருக்கிறார்கள் என்று சொல்லலாமா? 0.1 விநாடிக்குள் கிளம்பினால் தவறான தொடக்கம் என்று விதி இருக்கிறதே.

மின்முனை | மார்ச் 10, இரவு 10.15

உலகத் தடகள விதிப்படி 0.100 விநாடிக்குக் குறைந்தால் தவறான தொடக்கம். ஒலிக்கு எதிர்வினை அதைவிட விரைவாக வர முடியாது என்ற அனுமானம். அது முழுக்கச் சரியில்லை.

வால்ஸ்-சோலே குழு 1999-ல் காட்டியது: ஆள் முழுமையாக ஆயத்தமாக இருக்கும்போது, வழக்கமான சைகையோடு திடுக்கிட வைக்கும் உரத்த ஒலியும் சேர்ந்து வந்தால், ஆயத்தமான அசைவு அப்படியே வெளியே கொட்டிவிடுகிறது. தசைச் செயல் 70–80 மில்லி விநாடியில். வடிவமும் கெடுவதில்லை, அதே அசைவு. எந்தப் பக்கம் என்று தெரியாத, தேர்ந்து செய்யும் வேலையில் இப்படி நடப்பதில்லை. முன்கூட்டி ஆயத்தமாகியிருந்தால் மட்டுமே வெளியேறும். ஆயத்தம் வேறு, கிளப்புதல் வேறு என்பதற்கு இதைவிடக் கண்கூடான சான்று இல்லை. திடுக்கிடல் உண்மையில் நடந்ததா என்று அறிய, கழுத்தின் முன்பக்கத் தசையில் மின்முனை வைத்து அங்கே துள்ளல் வந்த முறைகளை மட்டும் எடுக்க வேண்டும்.

பந்தயத்துக்கு வந்தால், ஒலியின் வலிமையும் தூரமும் கணக்கில் வருகின்றன. பாதை அகலம் 1.22 மீட்டர். 1-ம் பாதை ஓரத்தில் துப்பாக்கி இருந்தால் 8-ம் பாதைக்காரர் 1-ம் பாதைக்காரரைவிட 8.54 மீட்டர் தள்ளி இருக்கிறார். ஒலிக்கு அதைக் கடக்க 25 மில்லி விநாடி. அதனால்தான் பெரிய போட்டிகளில் ஒவ்வொருவர் பின்னாலும் ஒலிபெருக்கி.

நடைபயிற்சி | மார்ச் 11, காலை 6.25

கிளப்புதல் தனியாகக் கெடுவதைப் பார்க்கப் பார்கின்சன் நோயைவிட வேறு எங்கும் போக வேண்டாம். நடக்கத் தெரியும், வலிமை இருக்கிறது, ஆனால் கால் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல் நிற்பார். தரையில் குறுக்கே கோடுகள் இருந்தால் அவற்றைத் தாண்டித் தாண்டி நடந்துவிடுவார். கோடுகள் நடைக்குக் குறுக்கே இருக்க வேண்டும், நெடுக்கே போட்டால் பயனில்லை. இடைவெளி அவருடைய ஓர் அடி நீளம், நிறம் தரையிலிருந்து தெளிவாக மாறுபட வேண்டும். மெட்ரோனோம் ஒலியும் உதவும். இந்த இழையின் மொழியில் சொன்னால் "எப்போது" என்பதை வெளியிலிருந்து கொடுக்கிறோம்.

உறைந்து நிற்பவரை முன்னே இழுக்கக் கூடாது. இழுத்தால் மேல் உடல் முன்னே வரும், கால் வராது, விழுவார். முழுமையாக நிறுத்தச் சொல்லுங்கள், நிமிரச் சொல்லுங்கள், எடையை ஒரு காலிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றச் சொல்லுங்கள், பிறகு ஒரு பெரிய அடி. எடை மாற்றம் அந்த வரிசையில் இருப்பதற்குக் காரணம் முன் குறிப்பில் சொன்ன முன்னீடுதான்: பாதம் எழ அது முதலில் நடந்தாக வேண்டும், இவர்களிடம் அது வராமலோ, வந்தும் அடி எடுக்காமல் திரும்பத் திரும்ப வந்துகொண்டோ இருக்கிறது. திரும்பும்போது ஒரே இடத்தில் சுழலாமல் அகல வளைவாகத் திரும்ப வேண்டும்.

வினா | மார்ச் 11, இரவு 7.50

பார்கின்சன் நோயில் பாதிக்கப்படும், மூளையின் ஆழத்தில் உள்ள பேசல் கேங்லியாதான் கதவைத் திறந்து அசைவை வெளியே விடுகிறது என்று படித்தது இங்கே பொருந்துகிறது.

எண்கோலம் | மார்ச் 11, இரவு 11.04

பாதி பொருந்துகிறது. பேசல் கேங்லியாவின் வெளிவாயில் அணுக்கள் ஓய்விலேயே விநாடிக்கு 60–80 முறை துடித்து, புறணிக்குச் சைகைகளைக் கடத்தும் தாலமஸை அடக்கி வைக்கின்றன. அது குறைந்தால் தாலமஸ் விடுபடுகிறது. படிப்பதற்குக் கதவு மாதிரியே இருக்கிறது. ஆனால் குரங்குகளில் அந்த வெளிவாயிலை மருந்தால் செயலிழக்கச் செய்தபோது (டர்னர், டெஸ்முர்ஜே, 2010) எதிர்வினை நேரம் ஏறத்தாழ மாறவில்லை. அசைவு மெதுவாகி, சிறிதாகிவிட்டது. கதவு என்றால் முதலில் கெட வேண்டியது தொடங்கும் நேரம். ஆகவே எவ்வளவு வேகமாக, எவ்வளவு பெரிதாக என்ற வீரியத்தை அமைப்பதில் அதன் பங்கு பெரிது என்பதே என் முடிவு.

கிளப்பும் சைகைக்கு எலிகளில் தெளிவான பாதை ஒன்று தெரிந்திருக்கிறது: நடுமூளையிலிருந்து தாலமஸ் வழியாகப் புறணிக்கு. இனாகாகி குழு, 2022. அந்தச் சைகை வந்ததும் புறணியின் ஆயத்த நிலை கலைந்து அசைவு நிலைக்கு மாறுகிறது. குரங்குகளில் 2016-ல் காஃப்மன் கண்டது இதோடு சேர்கிறது: கிளம்பும் நேரத்தில் இயக்கப் புறணியில் எழும் மிகப் பெரிய மாற்றம் எந்தப் பக்கம் கை போகிறது என்பதைப் பொருட்படுத்துவதே இல்லை, எல்லா அசைவுக்கும் ஒன்றுதான். அது "என்ன" என்பதைச் சொல்லவில்லை, "இப்போது" என்பதை மட்டும் சொல்கிறது.

சிறுமூளையையும் விட்டுவிடக் கூடாது. எலிகளில் ஆயத்த நிலையைத் தாங்கிப் பிடிக்கப் புறணிக்கும் சிறுமூளைக்கும் இடையே ஓடும் சுற்று தேவை என்று 2018-ல் தெரிந்தது. ஆயத்தம் என்பது புறணியின் ஓர் இடத்தில் வைத்துவிட்டுப் போகும் பொருள் இல்லை, நொடிக்கு நொடி சுற்றிச் சுற்றிக் காக்கப்படுவது.

நடைபயிற்சி | மார்ச் 12, மாலை 4.35

கிளப்புதல் சரியாக இருந்து "என்ன" கெடுவதும் உண்டு, அப்ராக்சியா. 1900-ல் லீப்மன் விவரித்தவர் வலக்கையால் சொன்ன செயல்களைத் தவறாகச் செய்தார், இடக்கையால் சரியாகச் செய்தார். வலிமையும் புரிதலும் குறையவில்லை என்று அதிலிருந்தே தெரிந்தது. பெரும்பாலும் இடப்பக்க மூளைச் சேதத்தில் வரும்.

சோதிக்கும் வரிசை: பொருள் இல்லாமல் "சுத்தியால் ஆணி அடிப்பதுபோல் காட்டுங்கள்" என்று சொல்வது; செய்து காட்டி அதேபோல் செய்யச் சொல்வது; உண்மையான பொருளைக் கையில் கொடுப்பது. வலக்கை செயலிழந்தவரிடம் இடக்கையில் சோதிக்க வேண்டும். கவனிக்க வேண்டிய பிழை, கையையே கருவியாக்குவது: சீப்பைப் பிடித்ததுபோல் காட்டாமல் விரல்களையே சீப்பாக்கித் தலையில் ஓட்டுவார். ஒரு முறை எடுத்துச் சொல்லியும் திருத்த முடியாவிட்டால்தான் பிழையாகக் குறிக்க வேண்டும், நலமாக இருப்பவர்களும் முதல் முறை அப்படிச் செய்வதுண்டு. பொருளைக் கையில் கொடுத்ததும் பலருக்குச் செயல் தேறிவிடும். அதனால் வீட்டில் பொருளோடு, பொருள் இருக்கும் இடத்திலேயே பயிற்சி.

வினா | மார்ச் 12, இரவு 9.05

வகுப்பில் கணினி ஒன்றுதான். ஆயத்தத்தையும் தேர்வையும் காட்ட ஓர் எளிய அளவீடு வேண்டும்.

மின்முனை | மார்ச் 13, இரவு 8.20

அளவுகோல் போதும். 30 செ.மீ. கோலின் பூச்சியம் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிக்கும் நடுவே, விரல் இடைவெளி 2–3 செ.மீ. எப்போதும் ஒரே அளவு. முன்னங்கை மேசைமேல். விடுபவர் 1 முதல் 4 விநாடிக்குள் ஒழுங்கில்லாமல் விட வேண்டும், ஒரே இடைவெளியில் விட்டால் பிடிப்பவர் நேரத்தை ஊகித்துவிடுவார். பிடித்த இடம் 15 செ.மீ. என்றால் 175 மில்லி விநாடி, 20 என்றால் 202, 25 என்றால் 226, 30 என்றால் 247. 20-ஐ ஒட்டி ஒரு செ.மீ. பிழை 5 மில்லி விநாடி. முதல் சில முறையை விட்டுவிட்டு 20 முறை எடுத்து நடு எண்ணைப் பாருங்கள், சராசரி வேண்டாம், ஒரு தவறவிட்ட முறை அதைக் கெடுத்துவிடும்.

பிறகு இரு கைகளுக்கும் ஒவ்வொரு கோல், ஏதாவது ஒன்று மட்டும் விழும், அதை மட்டும் பிடிக்க வேண்டும், மற்றக் கை மூடக் கூடாது. இதற்கு 30 போதாது, 50 செ.மீ. கோல் வேண்டும் (முழுவதும் விழுந்தால் 319). தவறான கை மூடிய முறைகளை எறியாமல் எண்ணி வையுங்கள். நேரம் குறையக் குறைய அவை கூடும்.

கெடுக்கும் ஒன்று: விடுபவரின் விரல் அசைவதைப் பிடிப்பவர் பார்த்துவிடுவார். பார்வை கோலின் கீழ் நுனியில் இருக்கட்டும்.

எண்கோலம் | மார்ச் 13, இரவு 9.37

அந்த ஒரு கணினியில் கட்டாய நேர முறையும் ஓடும். நான்கு ஒலி, திரையில் இடம் அல்லது வலம், அதே பக்கத்து விசை. நான்காவது ஒலிக்கு முன்னும் பின்னும் 75 மில்லி விநாடிக்குள் வந்த அழுத்தல்களை மட்டும் எடுங்கள். பழகாதவர்கள் இலக்கு தெரியும்வரை காத்திருந்து தாமதமாக அழுத்துவார்கள், அதனால் முதலில் இலக்கே காட்டாமல் ஒலியோடு அழுத்த மட்டும் பழக்கிவிடுங்கள்.

விசைகளுக்கு இடமும் வலமும் என்றே வையுங்கள். சிவப்புக்கு இந்த விசை, பச்சைக்கு அந்த விசை என்று வைத்தால் வளைவு வலப்பக்கம் தள்ளிப்போகும். அது தேர்வுக்கான நேரம், அசைவை ஆயத்தமாக்கும் நேரம் இல்லை. இரண்டையும் ஓட்டி இரண்டு வளைவுகளையும் ஒரே தாளில் வரைந்தால், டோண்டர்ஸ் கழித்தலில் கலந்திருந்தது எது என்று மாணவர்களே விரல் வைத்துக் காட்டிவிடுவார்கள்.